கை கழுவுமிடத்துக்குப் பக்கத்துக் கடை

ஞாயிறு, 6 ஜூலை 2025
மண்டபச் சந்தை, செங்கல்பட்டு

திருமதி விஜயகுமாரி அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை போனில் நாம் பேசிக்கொண்ட விதம் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். எதிர்க்கடை தமிழ்ச்செல்வி தன் மண்பாண்டங்களை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். "இனிமே போனே வேணாம்மா. எதுவா இருந்தாலும் எழுதி டிராயர்ல வைங்க. எழுதுனா சத்தம் வராது" என்று சந்தைப் பொறுப்பாளர் ராமதாஸ் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கல்யாண மண்டபத்தைச் சந்தையாக மாற்றிக் கடைகளைப் பாதி வாரமாகப் பிரித்தபோது, கை கழுவுமிடத்துக்குப் பக்கத்துக் கடை நம் இருவருக்கும் விழுந்தது. செவ்வாய் முதல் வியாழன் வரை உங்களுக்கு, வெள்ளி முதல் ஞாயிறு வரை எனக்கு. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நீங்கள் விற்பது நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. நான் விற்பது கையால் காய்ச்சிய சோப்பு. மிச்சமாகும் சரக்கை இருவருமே ஒரே அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறோம். நேற்று ஒரு பெண் என் வெட்டிவேர் சோப்பை மூக்கருகே கொண்டுபோனாள். "இன்னாக்கா, இது மீன் சோப்பா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறதோ என்று நினைத்துக் கேட்டாள்.

உங்கள் பாட்டில்களை வீட்டுக்கே எடுத்துப் போக முடியுமா என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ரோகிணி ராகவன்
கல்பாக்கம்

வியாழன், 10 ஜூலை

ரோகிணி மேடத்துக்கு, விஜயகுமாரி எழுதுவது.

என்னால் தினமும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறேன். கூட்டத்தில் ஒரு பாட்டில் உடைந்தால் அந்தப் பெட்டியில் இருப்பவர்கள் என்னை அடுத்த ஸ்டேஷனிலேயே இறக்கிவிடுவார்கள்.

உங்கள் சோப்பு மட்டும்தான் பாதிக்கப்பட்டது என்று நினைக்காதீர்கள். போன வாரம் தொக்கு வாங்கிப் போனவர் புதன்கிழமை திரும்பி வந்து, "சோத்துல போட்டு வாயில வெச்சா சந்தனம் மணக்குது. கருவாடு துன்ன மாதிரி இல்ல, கோயிலுக்குப் போன மாதிரி கீது" என்றார். நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பா இரண்டு வாங்கி, உங்கள் சோப்பையெல்லாம் அதில் போட்டு மேல்தட்டில் வைத்திருக்கிறேன். தொக்கு கீழ்த்தட்டில்.

இன்னொன்று. கேட்டால் கோபிப்பீர்களோ என்னவோ, இருந்தாலும் சொல்கிறேன். என் நாட்களில் உங்கள் சோப்பை நிறையப் பேர் கையில் எடுக்கிறார்கள். முகர்ந்து பார்க்கிறார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். அட்டையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். ஒரு பெரியவர் பர்ஃபி என்று நினைத்து அரைக் கிலோ கேட்டார். இது சோப்பு என்று நான் சொன்னதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது, போய்விட்டார். தமிழில் எழுதி ஒட்டினால் என்ன? உங்களுக்கு இஷ்டம் இருந்தால் என் நாட்களில் நானே சோப்பையும் விற்கிறேன். நீங்களும் என் தொக்கை விற்கலாமே.

விஜயகுமாரி

ஞாயிறு, 20 ஜூலை

விஜயகுமாரி அவர்களுக்கு,

டப்பாவுக்கு நன்றி. பர்ஃபி விஷயத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தேன். என் கணவர் ஆபீஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். தமிழ் அட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே இரண்டு வாரமாக உங்கள் தொக்கை விற்கிறேன். நாங்கள் வீட்டில் முட்டைகூடச் சாப்பிடுவதில்லை. என்னிடம் வந்து "எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? "வாங்கியவர் யாரும் இதுவரை திருப்பிக் கொண்டுவரவில்லை" என்று சொல்கிறேன். அந்தக் கோயில்காரரை மறைத்துவிட்டேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒருவர் சனிக்கிழமை மதியம் வருகிறார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, விரலில் சாவிக்கொத்து. மேடையில் கண்ணாடி வளையல் கடை இருக்கிறது, மணமகள் அறையில் மரச்சாமான் இருக்கிறது. எதையும் பார்ப்பதில்லை. நேராக நம் கடைக்கு வந்து, இருக்கிற தொக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறார். முதல் வாரம் ஏதோ விசேஷம் என்று நினைத்தேன். நேற்றும் வந்தார்.

"ஹோட்டல் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"வீட்டில் நிறையப் பேரா?"

"ரெண்டு பேருங்க."

இரண்டு பேர் ஒரு வாரத்தில் அவ்வளவு தொக்கை எப்படிச் சாப்பிட முடியும்? நான் சாப்பிடாதவள் என்பதால் எனக்கு அளவு தெரியவில்லையா? தயவுசெய்து விளக்கவும்.

ரோகிணி

வியாழன், 24 ஜூலை

ரோகிணி அக்காவுக்கு (மேடம் என்று எழுத வரவில்லை),

முடியவே முடியாது. ஒரு பாட்டில் இரண்டு பேருக்கு ஒரு மாதம் வரும். காரம் அப்படி.

உங்கள் கடிதத்தை ரயிலில் மறுபடி மறுபடி படித்தேன். எங்கள் சொந்த ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கம். நிலம் நீச்சு என்று இருந்தவர்கள்தான். எங்கள் வீட்டுக்காரர் சிறுசேரியில் கம்பெனி வேன் ஓட்டப் போனதால் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்தோம். தொக்கு கிளறும்போது எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. இப்போது யாரோ ஒருவர் எனக்காக வாராவாரம் செங்கல்பட்டு வருகிறார் என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

அவர் யாராக இருக்கும்? மாமல்லபுரம் பக்கம் ரிசார்ட்டில் சமையல்காரரோ? மகன் வெளிநாட்டில் இருந்து, அவனுக்கு அனுப்புகிறாரோ? வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர், "அப்படியா? யாரோ நல்ல ருசி தெரிஞ்ச ஆளு" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். அவரிடம் எதைச் சொன்னாலும் அவ்வளவுதான்.

அடுத்த முறை நன்றாக விசாரியுங்கள் அக்கா. எந்த ஊர், என்ன வேலை, காரம் போதுமா, உப்பு சரியா, எல்லாம் கேளுங்கள்.

விஜி

ஞாயிறு, 3 ஆகஸ்ட்

அன்புள்ள விஜி,

தோற்றுவிட்டேன். போன வாரமும் இந்த வாரமும் வந்தார். "உப்பு சரியாக இருக்கிறதா?" என்றேன். "ம்" என்றார். "காரம்?" என்றேன். "ம்" என்றார். எந்த ஊர் என்று கேட்டதும் சில்லறைகூட வாங்காமல் கிளம்பிவிட்டார். அந்தச் சில்லறை டிராயரில் தனியாக இருக்கிறது, கலந்துவிடாதே.

தமிழ்ச்செல்விக்கு இதில் வேறு கருத்து. அந்த ஆள் துபாய்க்கு ஏற்றுமதி செய்கிறவராம். "நம்மகிட்ட கம்மி வெலைக்கு வாங்கி, அங்க போயி பத்து மடங்குக்கு விப்பாங்கக்கா" என்கிறாள். ராமதாஸோ, யாரோ வேண்டுதல் செய்துகொண்டிருப்பார் என்கிறார். கருவாட்டுத் தொக்கு வாங்குவதாகக்கூட வேண்டிக்கொள்வார்களா?

நல்ல செய்தி ஒன்று. தமிழ் அட்டை ஒட்டிய பிறகு சோப்பு நகர்கிறது. நேற்று ஒரு கல்லூரிப் பெண், "படிச்சாலே மணக்குது ஆன்ட்டி" என்று சொல்லி வாங்கிப் போனாள். அட்டை யோசனை உன்னுடையது. மறக்க மாட்டேன்.

ரோகிணி

வியாழன், 14 ஆகஸ்ட்

ரோகிணி அக்காவுக்கு,

முதலில் சந்தோஷமான விஷயம். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு அறை காலியாக இருக்கிறது. முன்பு டிபன் கடை வைத்திருந்த இடம், பெரிய அடுப்பு மேடை இருக்கிறது. அதை வாடகைக்கு எடுத்துத் தொக்கு மட்டும் செய்யப் போகிறேன். அட்வான்ஸுக்கு என் சங்கிலியை அடுத்த வெள்ளிக்கிழமை அடகு வைக்கிறேன். ராமதாஸ் அண்ணனிடம் வாரம் முழுவதும் எனக்கென்று தனிக்கடை கேட்டிருக்கிறேன். உங்களுக்குத் தொந்தரவும் குறையும்.

என் நாட்களில் தொக்கு ஒன்றும் பிரமாதமாகப் போவதில்லை. ஒன்று இரண்டு போகும், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் உங்கள் நாட்களில் அலமாரி காலியாகிறதே! செவ்வாய்க்கிழமை வந்து கீழ்த்தட்டைத் திறக்கும்போது துள்ளிக் குதிக்கலாம் போல இருக்கிறது. அவரைப் போல இன்னும் பலர் வருவார்கள், சனிக்கிழமைக் கூட்டம்தான் என் கூட்டம் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அடகு வைத்த பிறகு சொல்வேன். முன்னால் சொன்னால் "யோசிச்சு செய்" என்பார். யோசித்துக்கொண்டே இருந்தால் எப்போது செய்வது?

விஜி

ஞாயிறு, 17 ஆகஸ்ட்

விஜி,

இந்தக் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படிக்காதே. எதிரில் தமிழ்ச்செல்வி இருப்பாள். பின்னால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்து படி. போன் செய்துவிடலாம் என்று எடுத்தேன். நம் போன் பேச்சின் லட்சணம் நமக்குத் தெரியும். அதனால் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையே உன் கடிதத்தைப் படித்தேன். உன் சனிக்கிழமைக் கூட்டம் என்பது ஒரே ஒரு ஆள். மற்றவர்கள் வாங்குவது உன் நாட்களில் போகிற அளவுதான். அதனால் நேற்று அவர் வந்தபோது, யார் என்று தெரியாமல் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

நான் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. தோளில் ஒரு சாப்பாட்டுப் பை மாட்டியிருந்தார். பச்சையில் மஞ்சள் புட்டா போட்ட துணி. உன் பாட்டில் மூடிகளின் மேல் நீ கட்டி அனுப்பும் புடவைத் துண்டும் அதே பச்சை, அதே புட்டா. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"நீங்கள் விஜயகுமாரியின் வீட்டுக்காரரா?" என்றேன்.

பையைத் தோளிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டார். பிறகு, "வூட்ல சொல்லிடாதீங்கம்மா" என்றார்.

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?"

"அது… நல்லா வியாபாரம் ஆவுதுன்னு சந்தோஷமா கீது. அத்தக் கெடுத்துடாதீங்கம்மா." அவ்வளவுதான் சொன்னார். வழக்கம்போல எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் தடுத்திருக்கலாம். ஆனால் நானே பாட்டில்களை எண்ணிக் கொடுத்தேன்.

சொல்லாமல் விட்டிருப்பேன், விஜி. நீ சங்கிலியைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன். இல்லை, அதுகூட எனக்குத் தெரியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் மேல்மாடியில் சகுந்தலா என்று ஒருத்தி. என் சோப்பைப் புகழாத நாள் கிடையாது, மாதம் தவறாமல் வாங்குவாள். ஒரு நாள் அவள் வீட்டில் விருந்தாளிக்குப் போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தேன். போர்வைக்குப் பின்னால் என் சோப்பெல்லாம் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாசத்தில்தான் வாங்கினாள். ஆனால் என் சோப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு அன்றுவரை தெரியாமலே இருந்திருக்கிறது. என்னைத் தெரியாதவர்கள் வாங்குகிறார்களா என்று பார்க்கத்தான் இந்தச் சந்தையில் இடம் கேட்டேன்.

உன் தொக்கைக் குறை சொல்லவில்லை. அது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிந்த பிறகு அந்த அறையை எடு என்கிறேன்.

ரோகிணி

ஞாயிறு, 31 ஆகஸ்ட்

விஜி,

இரண்டு வாரமாக நம் கடை செவ்வாயும் புதனும் வியாழனும் மூடிக் கிடக்கிறதாம். அந்த முதல் செவ்வாய் நீ வந்தாய், டிராயரைத் திறந்தாய், மிச்சப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் போய்விட்டாய் என்று ராமதாஸ் சொன்னார். சனிக்கிழமைகளில் உன் வீட்டுக்காரரும் வரவில்லை.

உன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் தினமும் அதையே யோசிக்கிறேன். ராமதாஸிடம் உன் முகவரி வாங்கி இதைத் தபாலில் அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தாலும் சந்தை முகவரிக்கு ஒரு வரி எழுது.

ரோகிணி

வியாழன், 4 செப்டம்பர்

அக்கா,

திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் பெரிய வியாபாரியாகவே இருந்திருப்பேன் இல்லையா?

சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது.

டிராயரில் உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் காலையில், அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தெருவில் நின்ற வேனைத் திறந்தேன். கடைசி சீட்டுக்கு அடியில் என் பாட்டில்கள். சத்தம் வராமல் இருக்கப் போர்வை சுற்றி வைத்திருந்தார். சிறுசேரியில் மற்ற டிரைவர்களுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். மிச்சம் எல்லாம் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வாசற்படியில் வைத்தேன். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா இது?" என்றேன்.

"விஜி, உள்ள வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லு. என் கை மேல உனக்கு நம்பிக்கை இல்ல. எவனும் வாங்க மாட்டான்னு நீயே முடிவு பண்ணிக்கினே. அதானே?"

"ஐயே, அது இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எங்களைப் பார்க்கத் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து படியில், பாட்டில்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்தார்.

"ஊரப்பாக்கம் வந்ததுலேந்து நீ பேசறதே நின்னுபோச்சு விஜி. நானும் நைட்டு வந்தா சோறு போடுவே, துன்னுட்டு படுப்பேன். அவ்ளோதான். சந்தைக்குப் போனப்புறம்தான் வூட்ல உன் குரல் கேக்குது. அந்த மண்பானைக்காரம்மா இன்னா சொன்னாங்க, சோப்பு அம்மா இன்னா எழுதினாங்கன்னு நீ சொல்லிக்கினே இருப்பே. டிவியப் பாக்கற மாதிரி உக்காந்துகினு நான் அத்தான் கேட்டுக்கினு இருப்பேன். ஒரு வாரம் ஒண்ணுமே விக்கலன்னு வந்து மறுபடி வாயே தொறக்கல நீ. எனக்கு வேற இன்னா செய்றதுன்னு தெரியல."

பாட்டில்களை உள்ளே எடுத்து வைத்தேன். அவர் வேனை எடுத்துக்கொண்டு போனார்.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அவர் செய்தது எனக்காகத்தான் என்று தெரிகிறது. ஆனாலும் காலி அலமாரியைப் பார்த்து நான் துள்ளியதையெல்லாம் நினைத்தால் அவமானமாக இருக்கிறது. இந்த மாதத்தோடு கடையை விட்டுவிடுகிறேன். வரும் செவ்வாய் வந்து ராமதாஸ் அண்ணனிடம் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு வாரம் முழுவதும் கடை கிடைக்கும்.

விஜி

ஞாயிறு, 7 செப்டம்பர்

விஜி,

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. நீ இல்லாதபோது நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் வந்து தொக்கு கேட்டார். ஜூலையில் என்னிடம் ஒரு பாட்டில் வாங்கியவராம். "இல்லை" என்றேன். "எப்ப வரும்?" என்றார். தெரியாது என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது. நேற்று ஒரு தம்பதி வந்தார்கள். புருஷன் வேண்டும் என்கிறான், மனைவி "போன தடவை காரத்துல அழுதீங்களே" என்கிறாள். நம் கடை முன்னாலேயே சண்டை. கடைசியில் என் சோப்பை வாங்கிப் போனார்கள். யாருக்கும் உன்னைத் தெரியாது.

கூட்டமாக வரவில்லை, இவர்கள்தான் வந்தார்கள். கூட்டிச் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சிறுசேரி டிரைவர்கள் அந்தத் தொக்கைச் சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார்களாம்? நீ கேட்டாயா? எனக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ரோகிணி

வியாழன், 11 செப்டம்பர்

ரோகிணி அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதால் கேட்டேன். உலகநாதன் என்று ஒரு டிரைவர், உப்பு கம்மி என்றாராம். இன்னொருவர் மனைவிக்குத் தெரியாமல் வண்டியிலேயே வைத்துச் சாப்பிடுகிறாராம். மற்றவர்கள் "நல்லா கீது" என்றார்களாம், ஓசியில் கிடைத்தால் வேறு என்ன சொல்வார்கள்? உப்பு விஷயம் உண்மைதான். ருசி பார்த்தேன். இந்தத் தடவை கருவாட்டைக் குறைவாக அலசினேன்.

செவ்வாய்க்கிழமை சொல்லிக்கொள்ளத்தான் வந்தேன். ஆனால் கையில் தொக்கை வைத்துக்கொண்டு சும்மா நிற்பானேன் என்று கடையைத் திறந்தேன். அன்றைக்கு மழை. ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. உங்கள் சோப்பும் போகவில்லை.

மதியம் மதுராந்தகம் பக்கமிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து இறங்கியது. கையில் தட்டு, பூ, பழம். இது இன்னும் கல்யாண மண்டபம் என்று நினைத்து, தை மாதத்துக்கு முகூர்த்தம் பதிவு செய்ய வந்திருக்கிறார்கள்! மாப்பிள்ளையின் மாமா நேராக மேடைக்குப் போய், "இந்த வளையல் கடைய எப்ப எடுப்பீங்க?" என்கிறார். ராமதாஸ் அண்ணன் எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. அதற்குள் கல்யாணப் பெண் வளையல் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அத்தை ஒருவர் நம் பக்கம் வந்து, கை கழுவிவிட்டு, "சாப்பாடு எந்தப் பக்கம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் தொக்கைக் காட்டினேன். அவர் தொக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவரும் வாங்கவில்லை அக்கா. விரதமாம்.

சாயங்காலம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, வியாபாரம் எப்படி என்று கேட்கவில்லை. கேட்கப் பயம். டிவியைப் போட்டுவிட்டு அதையே பார்த்தார். நானும் அரிசி களைந்தேன். அந்த அத்தையின் முகம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணும் விக்கல" என்றேன்.

"சரி."

"ஆனா இன்னிக்கு சந்தைக்கு ஒரு கல்யாணப் பார்ட்டி வந்துச்சு."

சொல்ல ஆரம்பித்தேன். தட்டு, மாமா, வளையல் கடை எல்லாம். ராமதாஸ் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டதை நடித்துக் காட்டினேன். சோறு குழைந்துபோனது. நேற்றுக் காலையில் ராமதாஸ் அண்ணனைப் பார்த்து, பழையபடி பாதி வாரமே போதும், நானே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய் இரவு நடுவில் கதையை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். அவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பால?" என்றார்.

விஜி